கேட்பவர் மனம் நோகாமல்

"தண்ணியா இது? சாக்கடை! பிள்ளையளுக்கெல்லாம் வயித்தால போவுது." சமூக வானொலியில் முத்துப்பேச்சி கத்தியதை ஒரு சொல்கூட வெட்டாமல், அங்கே வேலை பார்க்கும் ரெஜினா பாட்காஸ்டாக ஏற்றினாள். ஆனால் எல்லாப் போன்களிலும் குடியேறிவிட்ட செயலி, கேட்பவர் மனம் நோகாதபடி பேச்சை மாற்றிவிடும். அதை நிறுத்த வழி தேடி அவள் விரல்தான் ஓய்ந்தது.

மறுநாள் பேரூராட்சித் தலைவர் அழைத்தார். "முத்துப்பேச்சியக்கா நம்ம தண்ணிய இப்படிப் புகழ்ந்துட்டாவளே!"

"புகழலை தலைவரே, ஏசுனாவ!"

"ஆமாம்மா, நானும் கேட்டேன். எளநி மாதிரி இருக்குன்னு அவுக கொரல்லயே சொல்லுதாவ."

ரெஜினா ஓடிப்போய் முத்துப்பேச்சியிடமே போனைக் கொடுத்தாள். வாங்கியவள் வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டித் தீர்த்தாள்.

எதிர்முனையில் தலைவர் குழைந்தார். "பொன்னாடையெல்லாம் எதுக்குக்கா? என் கடமையத்தானே செஞ்சேன்."