துணைக்கு ஒராள்

“நான்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவன்.”

“சும்மா இரு அண்ணை. அக்காவுக்குச் சேலை மாத்திவிட உன்னாலை ஏலுமோ?”

“கொழும்பு மகரகம ஆஸ்பத்திரியிலை சிங்களம் கதைக்க உன்னாலை ஏலுமோ?”

மார்பில் புற்றுநோய் என்று டாக்குத்தர் சொல்லி மூன்று நாள்தான். எட்வேர்ட்டும் வினிபிரட்டும் விட்டுக்கொடுப்பதாய் இல்லை. கலியாணம் கட்டாமல் மானிப்பாயில் தனியே இருந்த மூத்தவர் நேசம்மா ரீச்சருக்குக் கண் கலங்கியது. தனக்காகச் சண்டை பிடிக்கவும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

“ரெண்டுபேரும் வாங்கோவன்.”

“இயக்கம் ஆரையும் இஞ்சையிருந்து வெளியாலை விடாது, அக்கா. நோயாளியோடை துணைக்கு ஒராள் வெளிக்கிடத்தான் பாஸ் குடுக்கும்,” என்றாள் வினிபிரட்.

கடைசியில் எட்வேர்ட் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். வினிபிரட் அன்றே பெட்டி அடுக்கினாள்.

தன்னுடைய வேதாகமத்தையும் அதில் வைக்கலாம் என்று நேசம்மா பெட்டியைத் திறந்தார். மேலே, கனடாவிலிருந்து வினிபிரட்டின் மகன் தாயைத் தன்னிடம் கூப்பிட்டு அனுப்பிய ஸ்பொன்சர் கடிதம் இருந்தது. அதற்கடியில் ஒரு கம்பளிக் கோட்டு.

நேசம்மா கடிதத்தை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

“எட்வேர்ட்டும் இதுக்குத்தானோ சண்டை பிடிச்சவன்?”

“அண்ணை ஜேர்மனிக்குப் போகத்தான்.” வினிபிரட் பெட்டியை மூடினாள். “உங்களை வார்ட்டிலை சேர்த்துப்போட்டுத்தான் நான் போவன், அக்கா.”

“அப்ப என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறது ஆர், வினி?”