பன்னிரண்டாவது நாற்காலி

"நாற்பத்தேழு!" என்று கூப்பிட்டாள் லோர்னா.

எழுந்து வந்தவர் ஒரு கறுப்பினத்தவர். லோர்னாவுக்குப் பகீரென்றது.

வருஷா வருஷம் வசந்தத்தில் எங்கள் ஊர்ப் பழைய கோர்ட்டில் ஒரு நாவலை நாடகமாகப் போடுகிறோம். எழுதிய அம்மாள் எங்கள் ஊர்க்காரி. இன்றைக்கு அமெரிக்காவில் எங்கள் ஆலபாமா மாநிலம் முழுக்க அது பள்ளிக்கூடப் பாடம். 1933-இல், செய்யாத கொலைக்காக ஒரு கறுப்பினத் தொழிலாளிக்கு இதே கோர்ட்டில் மரண தண்டனை கொடுத்தார்கள். அந்த வழக்குதான் நாவல்.

நடிப்பதெல்லாம் உள்ளூர் ஆட்கள். தீர்ப்புச் சொல்லும் ஜூரி பன்னிரண்டு பேரை மட்டும் பார்க்க வந்தவர்களிலிருந்து குலுக்கி எடுப்போம். அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே வெள்ளைக்கார ஆண்கள் மட்டும். அவர்களுக்குத்தான் குலுக்கலில் சேரும் சிவப்பு டிக்கெட்.

இந்த முறை மற்ற டிக்கெட் தீர்ந்துபோய், கவுன்ட்டரில் இருந்த புண்ணியவதி எல்லோருக்கும் சிவப்பையே கிழித்துக் கொடுத்திருக்கிறாள்.

லோர்னாதான் நாடகத்தின் டைரக்டர். ஓடிப்போய் அவரை வழிமறித்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காலத்து ஜூரியில உங்க... உங்களை மாதிரி ஆளுங்களை உட்கார விடமாட்டாங்க. சரித்திரத்தை மாத்தக் கூடாதேன்னுதான்..."

"சரித்திரமா?" அவர் தொப்பியைக் கழற்றினார். அறுபது வயது இருக்கும். "உங்க நாடகத்துல கைதிக்கு வாதாடற வக்கீல் முக்கால் மணி நேரம் பேசறாரு. நான் கோர்ட் ரிகார்டைப் படிச்சிருக்கேன் மேடம். நிஜ வக்கீல் பேசினது நாலே நிமிஷம். அதை மாத்தும்போது யாருக்கும் உறுத்தலையா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாலைந்து செல்போன்கள் மேலே எழும்பின.

"விடுங்க மேடம், உட்காரட்டும்!" என்று ஒரு குரல். உடனே கூடமே அதைப் பிடித்துக்கொண்டது.

லோர்னா வழிவிட்டாள். வேறென்ன செய்வாள்? அவர் போய்ப் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற பதினோரு பேரும் கைகுலுக்கி, அவரையே ஜூரித் தலைவராக்கினார்கள். அதில் அவர்களுக்கு ஏகப் பெருமை.

நாடகம் நடந்தது. வக்கீல் முக்கால் மணி நேரம் பேசினார். வழக்கம்போல எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஜூரி பின் அறைக்குப் போனது. பத்து நிமிஷம் அங்கே சும்மா இருந்துவிட்டு வந்து, டைப் அடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பார்த்துத் தலைவர் 'குற்றவாளி' என்று வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அறைக்குள் சும்மா இல்லை. சத்தம் வெளியே கேட்டது.

"ஐயா, உங்க கையிலதான் இருக்கு. விடுதலைன்னு சொல்லிடுங்க!"

"ஆமா, சொல்லுங்க! நாங்க பதினோரு பேரும் உங்க பக்கம்."

லோர்னா மேடைக்கு ஓடினாள். நீதிபதி வேஷம் போடும் டுவைட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"அந்த மனுஷன் தீர்ப்பை மாத்திட்டார்னா?"

"கைத்தட்டல் பிய்ச்சுக்கும்."

"உன் கைத்தட்டலைக் கொண்டு போய்க் குப்பையில போடு! ஒரு வார்த்தை மாத்தினாலும் அனுமதி ரத்துன்னு நாவல் எழுதின அம்மாவோட வாரிசுங்க எழுதி வாங்கியிருக்காங்க. மில்லை மூடினப்புறம் இந்த ஊருக்கு யாராவது வர்றாங்கன்னா, அது இந்த நாடகத்துக்குத்தான்."

டுவைட் பின் அறைக் கதவைக் காட்டினார். "உள்ள போய்ச் சொல்லிப் பாரேன்."

"என்னன்னு சொல்றது? ஜூரியில உட்காராதீங்கன்னேன். இப்ப அவரு வாயையும் மூடச் சொல்றதா? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு?"

கதவு திறந்தது. பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கூடத்தில் எல்லோரும் சீட் நுனியில் இருந்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"தீர்ப்பு?" என்றார் டுவைட். குரல் கீச்சென்று வந்தது.

ஜூரித் தலைவர் எழுந்தார். காகிதத்தைப் பார்த்தார். கைதி வேஷத்தில் நின்றிருந்த எங்கள் ஸ்கூல் பஸ் டிரைவர் எஸலைப் பார்த்தார். காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

போச்சு என்று லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

"குற்றவாளி."

நாடகம் முடிந்தும் யாரும் கை தட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நாற்காலிகளை இழுத்துத் தள்ளிவிட்டு வெளியே போனார்கள்.

லோர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்ல அவரைத் தேடி ஓடினாள். அதற்குள் வாசல் படியில் அவரை ஒருவன் மடக்கியிருந்தான். ஒஹையோ மாநிலத்திலிருந்து நாடகம் பார்க்க வந்த பிரென்ட். ஜூரியில் மூன்றாவது நாற்காலி. முகம் சிவந்திருந்தது.

"வெள்ளைக்காரங்க நாங்க பதினோரு பேரு விடுதலைன்னோம். ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன சார் கேடு? உங்க ஆளை நீங்களே காட்டிக் கொடுத்துட்டீங்களே, வெட்கமா இல்ல?"

"சார், நீங்கதான் எங்க நாடகத்தைக் காப்பாத்தினீங்க..." என்று லோர்னா குறுக்கே புகுந்தாள்.

"உங்க நாடகத்துக்காகச் சொல்லலை மேடம்" என்றார் அவர். பிரென்ட்டின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

"அந்தக் கைதி என் தாத்தா, தம்பி. அவரைக் கொன்னு மூணு மாசம் கழிச்சுத்தான் எங்க அம்மா பிறந்தாங்க. நான் இன்னிக்கு விடுதலைன்னு சொல்லியிருந்தா அவரு எழுந்து வந்திருக்க மாட்டாரு. நீங்கதான் எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பீங்க."