வாசலில் குனிந்தவன்

முஸ்லிம்களான நாங்கள் பக்கத்து வீட்டுச் செர்பியர்களைக் கொல்லப்போகிறோம் என்று போஸ்னியாவில் வானொலி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. இன்று செர்பியர்கள் நான்கு பேர் முகமூடியும் துப்பாக்கியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேர் சேற்றுக் காலோடு கம்பளத்தை மிதித்து உள்ளே பாய்ந்து, என் கணவர் முனீபைச் சுவரோடு அழுத்தினார்கள். நான்காமவன் வாசலிலேயே குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்தான், பக்கத்து வீட்டிலிருந்து காப்பி குடிக்க வந்தவனைப்போல. பாதியில் அவன் கை நின்றுவிட்டது.

முனீப் மட்டும் அவனைப் பார்த்து, எப்போதும் பேசுகிற குரலில் சொன்னார்:

"பரவாயில்ல ஸ்லாவ்கோ, இன்னிக்கு பூட்ஸோடயே வா."

மற்ற மூவரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

அவன் நிமிரவில்லை. அவிழ்த்த நாடாவை இழுத்து, நிதானமாக, இரட்டை முடிச்சாகப் போட்டான்.