தாளோடு தாள்

தாளோடு தாள் உராய்ந்தாலே போதும், இரண்டு ஆட்கள் இழுத்தாலும் பிரியாது என்றேன். வேலை முடிந்து வருபவர்களுக்கு நான் எடுக்கும் மாலை வகுப்பே சிரித்தது. இயற்பியல் புத்தகத்தில் ஒரு தாள், வேதியியலில் ஒரு தாள் என்று மாற்றி மாற்றிக் கடைசிவரை கோர்த்தேன். பசை கிடையாது. நடுவில் ஏதாவது தாளைத் தவறவிட்டேனோ என்று பயம். பிரிந்துவிட்டால் நாளை முதல் வகுப்புக்கு வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

லோடுமேன் மரியதாஸ் ஒரு பக்கம் பிடித்தார், லாரி ஓட்டும் செங்கோடன் மறுபக்கம்.

"கிழிஞ்சா அழக்கூடாது பாப்பா," என்றார் மரியதாஸ்.

"இழுங்கண்ணே."

இழுத்தார்கள். கழுத்து நரம்புகள் புடைத்தன. புத்தகங்கள் அசையவில்லை, மரியதாஸின் செருப்புதான் தரையில் வழுக்கி, அவரைச் செங்கோடன் பக்கம் கொண்டுபோனது.

"என்னம்மா வச்சு ஒட்டுன?"

"ஒண்ணுமே ஒட்டலண்ணே. இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடுங்க."