ராய்ஸின் கிடார்

மனிதகுலம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்த செய்தி: எழுபத்து மூன்றில் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் நாங்கள் பதிவு செய்த ப்ளூஸ் ராக் ஆல்பம், பொன்விழா மெருகோடு மறுபடி வெளிவந்துவிட்டது. நான் அதில் டிரம்ஸ் அடித்தவன். கிடார் வாசித்த ராய்ஸ், பதிவு முடிந்த இரவே பைக் விபத்தில் போய்விட்டான்.

பாட்டுக்கு முன்னால் நாங்கள் பேசிக்கொண்டதும் மூல டேப்பில் இருக்கும், இசைத்தட்டில் வெட்டிவிடுவார்கள்.

"வெர்னா வந்துட்டாளாடா?" என்பான் ராய்ஸ்.

"இன்னும் வரல. நீ வாசி," என்பேன் நான்.

மெருகேற்றும் வேலைக்காக ஸ்டூடியோவில் ஒரு வாரமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு, அவன் குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்று, அன்று அவன் காத்திருந்த காதலி வெர்னாவே ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"அம்பது வருஷம் லேட்டு," என்றேன்.

"பொம்பளைன்னா கிளம்ப நேரமாகும்டா, கிழவா. அன்னைக்கு பஸ் மட்டும் வழியில நிக்கலேன்னா..."

டேப்பை ஓடவிட்டோம்.

"வெர்னா வந்துட்டாளாடா?"

"வந்துட்டாடா," என்றது என் இளவயதுக் குரல்.

கிடாரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது, கதவு திறந்தது. மற்றவர்கள் வாசித்தோம், கிடார் மட்டும் இல்லை. எத்தனை முறை ஓட்டியும் இல்லை. வெர்னா ஸ்டூடியோ கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனி யாருக்கும் சொல்லாமல் வேறொருவரை வாசிக்கவைத்துக் கிடாரைச் சேர்த்தது. அதைக் கேட்டு, ராய்ஸின் ஆன்மா இன்னொருவர் விரலுக்கு வராது என்று விமர்சகர்கள் புகழ்ந்து எழுதினார்கள்.