பதினைந்து எண்ணும் வரை

சமையலறையில் அப்போது ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில் மாமியார், வலது கையில் முழங்கை வரை கட்டு. ஃபிரிட்ஜில் சாய்ந்தபடி மகன். மேசையின் மறுகோடியில், காலையில்தான் வண்டி பிடித்து வந்து சேர்ந்த மருமகளின் அப்பா, நாற்காலி நுனியில். பின்வாசல் படியில் யாருக்கும் முகம் காட்டாமல் மருமகள். அடுப்புக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு மெக்கானிக்.

மேலே நான்கு பர்னர், கீழே ஓவன். மூன்று நாளைக்கு முன்னால் அந்த ஓவன்தான் குப்பென்று தீயைக் கக்கி, மாமியாரின் கையையும் இரண்டு புருவத்தையும் பொசுக்கியிருந்தது.

மருமகள் கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து, கொடியில் துணி எடுக்கப் போய்விட்டாள் என்பது மகனின் கட்சி. பற்றவைத்துவிட்டுத்தான் போனேன் என்பது அவள் கட்சி. ஓவன் அணைந்து கிடப்பதைப் பார்த்து மாமியார் பொத்தானை அழுத்தியிருக்கிறார். உள்ளே தேங்கியிருந்த கேஸ் மொத்தமும் பிடித்துக்கொண்டது.

காரணம் என்னவென்று மெக்கானிக் எழுத்துமூலம் கேஸ் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, அவளை அவள் அப்பாவோடு அனுப்புவதா இல்லையா என்று முடிவு செய்வதாக மகன் சொல்லியிருந்தான்.

“மெஷின் யாரு பக்கமும் பேசாதுல்ல மாமா?” என்றான் இப்போது.

பெண்ணின் அப்பா தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் எதையும் வரிசையாகச் செய்கிறவர்.

முதலில் இக்னிஷன். தொழில் பழக்கத்தில் குமிழை அழுத்திப் பிடித்தபடி பொத்தானைத் தட்டினார். டக் டக் டக். நீலப் பொறி குறி தவறாமல் விழுந்து ஓவன் பற்றிக்கொண்டது.

அடுத்தது தெர்மோஸ்டாட். நூற்றெண்பதில் வைத்து, உள்ளே தன் வெப்பமானியை மாட்டிவிட்டுக் காத்திருந்தார். நூற்றெண்பது வந்ததும் தீ சொன்ன பேச்சுக் கேட்டதுபோல் அடங்கி, விரல்நக உயரத்துக்கு வந்தது.

மூன்றாவது, பாதுகாப்பு வால்வு. தீ அணைந்தால் சென்சார் முனை ஆறும். ஆறினால் வால்வு தானாகக் கேஸை நிறுத்த வேண்டும். சிலிண்டரை மூடித் தீயை அணைத்துவிட்டு எண்ணினார். இருபத்திரண்டில் உள்ளே டொக் என்றது.

மூடிக்கொண்டது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஆக, அடுப்புல ஒரு கோளாறும் இல்ல. ஆளுலதான் கோளாறு,” என்றான் மகன்.

“பத்தவச்சேன்.” படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “நீலமா எரியறதைப் பாத்துட்டுத்தான் போனேன்.”

“ஆமா, போட்டோ எடுத்து வச்சிருக்கியா?”

மெக்கானிக் ஓவனின் குமிழை உருவி எடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். தண்டு வெறுமையாக இருந்தது. மறுபடி பார்த்தார். புதிதாக ஒரு கீறல் மட்டும் மின்னியது.

“இன்னும் என்னத்தத் தேடுறீங்க தம்பி?” என்றார் மாமியார். “எல்லாம் சரியாத்தானே இருக்கு. அப்படியே எழுதிக் குடுத்துட்டு உங்க பொழைப்பைப் பாருங்க.”

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். புருவமில்லாத முகத்தில் எதைப் படிப்பது?

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே சமையலறையில் அவரும் மாமியாரும் மட்டும் இருந்தார்கள். ஓவனைப் பற்றவைத்தால், சென்சார் முனை சூடாகும் வரை, பதினைந்து எண்ணும் வரை, குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த அம்மாவின் கட்டைவிரல் மூட்டு இஞ்சித் துண்டுபோல் வீங்கியிருந்தது. “பதினஞ்சு எண்ணறதுக்குள்ள உசுரு போயி உசுரு வருது தம்பி. ஏதாவது வழி பண்ணுங்க.” பாவம் பார்த்து, குமிழ் அழுந்தியபடியே நிற்க ஒரு கிளிப்பைத் தண்டில் மாட்டினார். அது இருக்கும்வரை தீ அணைந்தாலும் வால்வு மூடாது. பக்கத்திலேயே இருந்து பாருங்கள், மருமகளிடமும் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மருமகளிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது; அந்தக் கிளிப் இருந்தது தெரிந்தவர்கள் இரண்டே பேர். இப்போது அது இல்லை.

எழுதாவிட்டால் ஈ எறும்புக்குக்கூடத் தெரியப்போவதில்லை. எழுதினால் உரிமம் போகும். இருபது வருஷத் தொழில் போகும்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேசையில் தாளை வைத்து எழுதினார். இக்னிஷன் சரி. தெர்மோஸ்டாட் சரி. பாதுகாப்பு வால்வு இன்று வேலை செய்கிறது, விபத்தன்று செய்திருக்காது. வீட்டுப் பெரியவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அதை முடக்கும் கிளிப்பை மாட்டியவன் நானே. இன்று வந்து பார்க்கையில் அது கழற்றப்பட்டிருக்கிறது. சூடு ஏறியதும் அடங்கிய தீ, பின்வாசல் காற்றில் அணைந்திருக்க வேண்டும். பற்றவைத்தவர்மேல் தவறில்லை. இப்படிக்கு.

“முதல்ல நீங்க படிங்கம்மா,” என்று படிக்குப் போய் நீட்டினார்.

மருமகள் எழுந்து நின்று படித்தாள். இரண்டாம் தரமும் படித்தாள். பிறகு கணவனிடம் கொடுத்தாள்.

அவன் ஃபிரிட்ஜை விட்டு நிமிர்ந்தான். “அம்மா…”

மாமியார் தன் கட்டின் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“சரி, ஏதோ நடந்தது நடந்துபோச்சு,” என்றான் அவன், யாரையும் பார்க்காமல். “அதான் தெளிவாயிடுச்சே. மாமாவுக்குக் காபி போடு.”

அவள் அவன் கையிலிருந்து கடிதத்தை வாங்கினாள். மூலைக்கு மூலை சேர்த்து மடித்து, மெக்கானிக் கம்பெனி முகவரி எழுதி வைத்திருந்த உறைக்குள் போட்டாள். குழாயில் விரலை நனைத்துப் பசைமேல் ஓட்டி, மேசையில் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள்.

“வாங்கப்பா,” என்றாள். “போற வழியில தபால் பெட்டியில போட்டுடலாம்.”