அணிலின் வாயில் வராத வார்த்தை

புதிதாகப் பாடம் சொல்ல வந்த அணில், கரும்பலகையை வாலாலேயே துடைத்துக்கொண்டிருந்தது. பள்ளி திறக்க மூணு நாள்தான் பாக்கி. பிள்ளைகள் முன்னால் பேச்சு வருமா என்ற பயத்தில், தினமும் வந்து பேசிப் பார்த்தது.

"வணக்கம் பிள்ளைங்களா, நான் உங்க புது... புது..."

"புது விளக்குமாறா?" என்றது சுவரிலிருந்த பல்லி.

"போங்கண்ணே. என்னையே நான் டீச்சர்னு சொல்லிக்க வெக்கமா இருக்கு."

"நீயே சொல்லலைன்னா பிள்ளைங்க எப்படிச் சொல்லும்? இன்னொரு தரம் சொல்லு புள்ள."

அணில் கண்ணை மூடிக்கொண்டது. "நான் உங்க புது..."

"டீச்சர், நான் எங்க உக்காரணும்?"

நாள் தெரியாமல் பையோடு வந்த குட்டித் தவளை வாசலில் நின்றது.

"இரு கண்ணு, இதோ டீச்சர் வந்துட்டேன்" என்று அணில் ஓடியது.

சொன்னது சரிதான் என்பதுபோல் பல்லி 'உச்' கொட்டியது.